சிங்கப்பூரும் துபாயும் ஒரே தூரம்: விமானப் பயண நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுமே சுமார் 2,900 கிலோமீட்டர். பயண நேரமும் இரண்டுக்கும் நாலேகால் மணி நேரத்தை ஒட்டியே அமையும். ஆனால் காலை 10 மணிக்குச் சென்னையில் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் மாலை 4.45-க்கும், துபாயில் பகல் 12.45-க்கும் இறங்குவதாகப் பயணச்சீட்டில் இருந்தால், ஒன்றை ஆறே முக்கால் மணி நேரப் பயணம் என்றும் மற்றதை இரண்டே முக்கால் மணி நேரப் பயணம் என்றும் பலர் எண்ணிவிடுகிறார்கள். சீட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தியது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே உண்மையான பயண நேரம் கிடைக்கும்.

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பது அடுத்த தவறு. மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்தால் 2,900 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அட்டவணை நேரம், நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடைவது வரை உள்ளது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். போதாததற்குக் காற்றும் உண்டு. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்வளிக் காற்று, துபாய் செல்லும்போது எதிர்த்து நின்று, திரும்பும்போது பின்னின்று தள்ளுவதால், போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அலகையும் கவனிக்க வேண்டும்: 2,900 கிலோமீட்டர் என்பது சுமார் 1,800 மைல், ஆனால் விமானப் போக்குவரத்தில் தூரத்தை அளக்கும் கடல் மைல் கணக்கில் சுமார் 1,570 தான்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது நள்ளிரவுத் தவறை. சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்கள் பல நடுநிசிக்குப் பிறகே கிளம்புகின்றன. சீட்டில் ‘15-ஆம் தேதி, 00.40’ என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு மீனம்பாக்கத்துக்குப் புறப்பட்டாக வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு, வழியனுப்ப வந்த உறவினர்களோடு வாசலில் நிற்பவரின் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே சீட்டு வந்தவுடன் தேதியை மட்டும் பார்க்காமல், எந்த நாள் இரவு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதைக் கிழமையோடு நாட்காட்டியில் எழுதி வைத்துவிடுங்கள்.

லண்டன் போன்ற ஊர்களுக்குச் செல்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பதால், நமக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளி கோடையில் நாலரை மணி நேரமாகவும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமாகவும் இருக்கும். சென்ற முறை போட்ட கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, விமான நிலையத்துக்கு அழைக்க வருபவரிடம் நேரம் சொல்லாதீர்கள்.