எடை ஏறுகிறதா? தெருவையும் ஒருமுறை அளந்து பாருங்கள்

எடை கூடினால் வாயைக் கட்டு, சோம்பலை விடு என்று ஆளைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் குடியிருக்கும் இடத்துக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் 1990களில், 5 நகரங்களில் ஏழ்மை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்கள் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, உதவி கிடைத்த பெண்களில் உடல் நிறை குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டால் எடை எவ்வளவு என்று காட்டும் எண், 35 என்றாலே கடுமையான உடல் பருமன்) 35-ம் அதற்கு மேலும் இருந்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 4.6 சதவீதப் புள்ளி குறைவு. குலுக்கல் என்பதால், நடக்கப் பிடித்தவர்களே நல்ல இடம் தேடிப் போனார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

சரி, எல்லோராலும் வீடு மாற்ற முடியாது. முதலில் வீட்டிலிருந்து ஒவ்வொரு திசையிலும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், வண்டியில் போனால் எதுவும் கண்ணில் படாது. நடைபாதை எங்கே அறுந்து உங்களைச் சாலையில் இறக்கி விடுகிறது, நிழல் இருக்கிறதா, வயதானவர் கடக்கும் வரை சிக்னல் பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். இருட்டிய பிறகும் ஒருமுறை போங்கள், பகலில் நன்றாக இருக்கும் தெருவில் ஒரு பெண் இரவு எட்டு மணிக்குத் தனியாக நடக்கத் தயங்கினால் அந்தத் தெரு பாதி நாள் மூடிக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம். வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள்: பின்புறம் 200 மீட்டரில் இருக்கும் பூங்காவுக்கு, நடுவில் ஒரு நீண்ட மதில் இருந்தால், ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் போகவேண்டி வரும்.

என்னைக் கேட்டால் பூங்காவைவிடக் கடையும் பேருந்து நிறுத்தமும்தான் முக்கியம். உடற்பயிற்சி என்று கிளம்புவது நான்கு நாளில் நின்றுவிடும், வேலையாகப் போகும் நடை நிற்காது. அதனால் பத்து நிமிடத்துக்குள் முடிகிற ஏதாவது ஒரு வேலையை இனி எப்போதும் நடந்தே செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 20 நிமிடம், தினமும் என்றால் வாரத்துக்கு 140. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 150 நிமிட மிதமான உடலுழைப்பு, கொஞ்சம் விறுவிறுவென்று நடந்தால் கிட்டத்தட்ட அது வந்துவிடும்.

அப்புறம் சாப்பாடு. மாலையில் பசியோடு திரும்பும் வழியில் பொரித்ததும் இனிப்பும் எத்தனை இடத்தில் கிடைக்கிறது, காய்கறியும் பழமும் வாங்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று பாருங்கள். முதலாவது பக்கத்திலும் இரண்டாவது தூரத்திலும் இருந்தால் மன உறுதியை மட்டும் நம்பிப் பலனில்லை, கிளம்பும் முன் ஏதாவது சாப்பிடுங்கள் அல்லது வழியை மாற்றுங்கள், காய்கறியை வாரம் ஒருமுறை மொத்தமாக வாங்கி வையுங்கள்.

கண்ணில் பட்ட குறைகளை உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள். 'எங்கள் பகுதியை மேம்படுத்துங்கள்' என்று எழுதினால் கிடப்பில் போடுவார்கள். எரியாத விளக்கு எந்தக் கம்பத்தில், பாதை எந்த வீட்டு எண் முன் உடைந்திருக்கிறது என்று புகைப்படத்தோடு, ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை, தெருவில் முடிந்தவரை எல்லா வீட்டுக் கையெழுத்தும்.