ஹோட்டன் சமவெளி: மூடுபனி ஏறுமுன் உலக முடிவுக்குப் போய்ச் சேர

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவுக்குப் போய்விட்டு, உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் நிறையப் பேர். போகும் நேரம் பிழைத்துவிடுவதே காரணம். காலை 9, 10 மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். அதன்பின் விளிம்பில் நின்றாலும் வெறும் வெள்ளைதான். ஆகவே பயணத்தை அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வளைவுப் பாதை, இருட்டு வேறு, 4.30க்கே வாகனம் புறப்பட வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்குவது நல்லது. ஒஹிய நிலையத்திலிருந்து நடைபாதை தொடங்கும் பழைய விடுதியான ஃபார் இன் வரை சுமார் 11 கிலோமீற்றர் ஏற்றம். பகல் ரயிலில் இறங்கி அன்றே ஏறினால் பனிக்குள்தான் போய் நிற்பீர்கள். வாகனத்தை இரவே பேசிவிடுங்கள். நீங்கள் நடந்து முடிக்கும்வரை காத்திருக்கும் கூலியையும் சேர்த்தே பேசுங்கள்.

வானம் தெளிவாக இருக்க வாய்ப்புள்ள மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மாதங்களின் விடியலில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஏப்ரல் சீசனிலும், போயா நாட்களிலும், சனி ஞாயிறுகளிலும் டிக்கெட் வரிசை நீளும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

பைக்குள் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் இருக்கட்டும். வழியில் கடை கிடையாது. பிஸ்கட்டையும் ரொட்டியையும் வீட்டிலேயே கடதாசிப் பையிலோ டப்பாவிலோ போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். மரை என்ற பெரிய மான்கள் உப்பு வாசம் பிடித்துப் பொலித்தீனைத் தின்று மாண்டிருக்கின்றன, அதனால் இந்தக் கண்டிப்பு முழுக்க நியாயம். வாகனத் தரிப்பிடத்தில் மரை கிட்டே வந்து நின்றாலும் எதையும் நீட்டாதீர்கள். தீப்பெட்டி, லைட்டர் வேண்டாம்; காய்ந்த புல்லில் தீ பிடித்தால் அணைப்பது பெரும்பாடு.

செருப்போடு நடக்காதீர்கள். களிமண்ணும் ஈரவேரும் வழுக்கும். அடிப்பாகம் தேயாத சப்பாத்து வேண்டும். ஒரே தடித்த ஜக்கட்டைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய உடுப்பு நல்லது. விடியலில் நடுங்குகிறவர் 8 மணிக்கு வியர்ப்பார். சுமார் 2,100 மீற்றர் உயரத்தில், குளிர் இருந்தாலும் வெயில் தோலைச் சுடும், தொப்பி போடுங்கள். கழிப்பறை ஃபார் இன்னில் இருக்கிறது, பாதையில் இல்லை.

சுற்றுப்பாதை 9.5 கிலோமீற்றர்; நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பாதை பிரியும் இடத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் சின்ன உலக முடிவு என்ற சிறிய விளிம்பின் பக்கமே திரும்புங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியை முதலில் பார்க்கப் போனால் பனி உங்களை முந்திவிடும். அருவி பனியிலும் தெரியும், பள்ளம் தெரியாது. தொடக்கத்திலிருந்து உலக முடிவு ஏறத்தாழ 4 கிலோமீற்றர். சுமார் 870 மீற்றர் ஆழத்தின் விளிம்பு அது. ஈரப் பாறையில் காற்று எதிர்பாராமல் தள்ளும். படம் எடுக்கும்போது பின்னோக்கி ஓரடிகூட வைக்காதீர்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். வானம் தெளிந்திருந்தால் கீழே நொன்பரெயில் தோட்டத்தின் தேயிலை மலைகள், அப்பால் தெற்குச் சமநிலம் வரை கண் போகும்.

அந்தத் தேயிலை மேலே ஏறாமல் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் பிரித்தானிய அரசுக்குச் சொன்ன ஆலோசனைதான் இந்த உச்சியைக் காத்தது. மகா எலிய என்று சிங்களத்தில் வழங்கிய இந்த இடத்துக்கு ஆளுநர் வில்மொட் ஹோட்டனின் பெயர் 1834இல் வந்தது. ஃபார் இன், தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்குகிறது. நீர்வீழ்ச்சி, யானையும் மரையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயரை. யானை இன்று இங்கே இல்லை. 1960களில் புல்வெளியில் விதை உருளைக்கிழங்குகூடப் போட்டார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆனது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைக்கும் மண் இது. சேற்றைத் தவிர்க்கப் பாதையோரப் புல்லில் ஒருவர் இறங்கினால் அடுத்தவரும் இறங்குவார், பாதை அகன்று மண் கரையும். சேற்றிலேயே நடங்கள், சப்பாத்தைப் பிறகு கழுவலாம்.

உலக முடிவிலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 2 கிலோமீற்றர். 20 மீற்றர் அருவிதான், ஆனால் இறங்கும் படிகள் செங்குத்து. குளிக்க அனுமதி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் உலக முடிவிலிருந்தே வந்த வழியில் திரும்பலாம். மொத்தம் 8 கிலோமீற்றரோடு முடியும், அந்தப் படிகளில் இறங்கவும் வேண்டாம்.

இன்னும் கால் ஓடுகிறவர்களுக்குத் தொட்டுபொலகந்த மலை இருக்கிறது, பட்டிப்பொல வாசலுக்குக் கிட்ட, சின்ன ஏற்றம். கிரிகல்பொத்தை மலை தனி ஒரு நாளுக்குரிய நீண்ட நடை. உலக முடிவோடு அதே நாளில் சேர்க்க வேண்டாம்.