பல வருடம் நின்றுபோன 1966 மஸ்டாங்கை முதல் முறை ஸ்டார்ட் செய்வது எப்படி

கராஜில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய காரை வாங்கியதும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். தயவுசெய்து திருப்பாதீர்கள். காய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் உரசினால், ஒரு நாள் பொறுமையில் தப்பித்திருக்க வேண்டிய இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டி வரும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது 289 கன அங்குல வி8 இன்ஜின் உள்ள 1966 ஃபோர்ட் மஸ்டாங். அந்த ஒரு மாடல் வருடத்தில் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் அமெரிக்காவில் இதற்கு இன்றும் எல்லா உதிரிபாகமும் கிடைக்கிறது. பழகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல கார் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: நம்பரைப் படியுங்கள்

எந்தப் பாகமும் வாங்கும் முன் காரின் அடையாள எண்ணைப் பாருங்கள். முதல் எழுத்தாக 6 இருந்தால் 1966. அடுத்தது தொழிற்சாலை: எஃப் (F) என்றால் டியர்பார்னில் செய்தது, ஆர் (R) என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். அதற்கடுத்த இரண்டு எண் உடல் வகை: 07 என்றால் ஹார்ட்டாப் (மடங்காத கூரை), 08 என்றால் மேல்கூரை மடங்கும் வண்டி, 09 என்றால் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வண்டி). ஐந்தாவதாக வரும் எழுத்துதான் இன்ஜின். சி (C) என்றால் இரண்டு பேரல் (காற்று போகும் இரண்டு குழாய்) கார்பரேட்டர் வைத்த 289. டி (T) என்றால் ஆறு சிலிண்டர்.

இது ஏன் முக்கியம் என்றால், ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்தில் நான்கு நட்டு, வி8-க்கு ஐந்து. பிரேக் ட்ரம் தொடங்கிப் பின் ஆக்ஸில் வரை எல்லாமே வேறு. "மஸ்டாங் 66" என்று மட்டும் சொல்லி நான் வரவழைத்த ட்ரம்கள் நான்கு துளையோடு வந்தன. திருப்பி அனுப்பி, சரியானது வந்துசேர இரண்டு வாரம் போனது.

படி 2: கையால் சுற்றுங்கள்

எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் அளவு ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு, முடிந்தால் இரண்டு இரவு விட்டுவிடுங்கள்.

பிறகு முன்பக்கம் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 15/16 அங்குல சாக்கெட்டைப் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். இறுகி நின்றால் பலம் போடாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டு இன்னொரு நாள் காத்திருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

எண்ணெயையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். இந்த இன்ஜினில் இருப்பது தட்டை டேப்பட், அதாவது உருளை இல்லாமல் கேமின் மேல் நேராக உரசி ஓடும் பாகம். இப்போது வரும் சாதாரண எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்க்கை குறைவு என்பதால், பழைய கார்களுக்கென்று விற்கும் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: பழைய பெட்ரோலை நம்பாதீர்கள்

கெட்டுப்போன பெட்ரோலில் வார்னிஷ் வாடை அடிக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கையே தொட வேண்டாம். படகுகளுக்கு விற்கும் சிறிய டேங்கில் புதுப் பெட்ரோல் நிரப்பி, புது ரப்பர் ஹோஸ் வழியாக நேராக ஃப்யூல் பம்பின் உள்வாயில் கொடுங்கள். பழைய ஹோஸ் எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் கால ரப்பரை அரித்துவிடும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 4: பொறி

என்னை மூன்று வார இறுதிகள் உட்கார வைத்தது இதுதான். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வருகிறது, பொறி மட்டும் இல்லை. பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் (coil) மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், வயர்களை மாற்றினேன். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, காயிலுக்குப் போகும் கரண்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சிறிய சுவிட்சான பாயிண்ட்டைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது, அதனால் தொடவில்லை. கடைசியில் ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டை கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, பாயிண்ட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே விட்டு இழுத்தேன். கார்டில் பென்சிலால் கிழித்தது போல ஒரு சாம்பல் கோடு விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆக்சைடு படலம்தான் கரண்ட்டைத் தடுத்திருக்கிறது. கோடு விழுவது நிற்கும் வரை நான்கைந்து முறை இழுத்தேன். அடுத்த முறை சுற்றியபோது நீலப் பொறி பட்டென்று தாவியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைக் கராஜில் நின்றிருந்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை.

ஆகவே பாகம் வாங்குவதற்கு முன் கார்டு. சுத்தம் செய்ததும் இடைவெளியைச் சரிபாருங்கள்: டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.017 அங்குலம். தகடு லேசாக உரசிக்கொண்டு நழுவ வேண்டும். ட்வெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் 26 முதல் 31 டிகிரிக்குள் வர வேண்டும். பிளக் இடைவெளி 0.034 அங்குலம்.

வயர் வரிசை, அதாவது சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. பயணி பக்கம் (அமெரிக்க வண்டியில் வலது) முன்னாலிருந்து பின்னால் 1 முதல் 4, டிரைவர் பக்கம் (இடது) 5 முதல் 8. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். செவர்லே வி8-ல் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். அதில் ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும், வரிசையும் வேறு.

டைமிங்குக்கு (பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய), முதல் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரைக் கிராங்கைத் திருப்பச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரெஷன். டாப்புக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 6 டிகிரி முன்னால் டேம்பரில் உள்ள குறியை நிறுத்தி, பாயிண்ட் அப்போதுதான் திறக்கத் தொடங்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: முன் டேம்பரின் (கிராங்க் முனையில் உள்ள, குறி பொறித்த கனமான சக்கரம்) வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருப்பது. ரப்பர் கெட்டால் வளையம் நகர்ந்து, குறியே பொய் சொல்லும். பிஸ்டன் மேலே வரும் இடத்தைப் பிளக் துளை வழியாக ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறிக் கெடும்.

படி 5: ஸ்டார்ட்

பிளக்குகளை மாட்டும் முன், காயில் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள், ஆயில் பிரஷர் முள் எழும் வரை. அந்த முள் மெதுவாகத்தான் ஏறும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, ரேடியேட்டரை நிரப்பி, ஆக்ஸிலேட்டரை ஒரு முறை முழுதாக அழுத்தி விட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

முதலில் இருமும், புகை கக்கும், ஏதோ ஒரு சிலிண்டர் சேராமல் குலுங்கும். ஒரு நிமிடத்தில் எட்டும் ஒன்று சேரும்போது சத்தம் மாறும். அது காதுக்கு முன்னால் தரை வழியாகக் காலுக்குத் தெரியும்.

படி 6: ஓட்டுவதற்கு முன் பிரேக்

இப்போது ஒரு சுற்றுப் போய் வரத் தோன்றும். கூடாது. 1966 மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் ஃப்ளூயிட்டைத் தள்ளும் பாகம்) ஒரே ஒரு அறைதான்; 1967-ல்தான் முன்பின் தனித்தனியாகப் பிரித்தார்கள். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

ட்ரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நிமிண்டிப் பாருங்கள்; உள்ளே ஈரம் இருந்தால் மாற்றுங்கள். மூன்று ரப்பர் ஹோஸையும் பார்க்காமலே மாற்றுங்கள். டாட் 3 பிரேக் ஃப்ளூயிட் ஊற்றி, வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் பைப்பில் சிக்கிய காற்றை எடுங்கள்.

என் வண்டியில் இதற்கு மட்டும் இரண்டு ஞாயிறு பிடித்தது. பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்ற பிறகு, தெரு முனை வரை போய்த் திரும்பினேன். இறங்கி நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை.