சி டிரைவ் சிவப்பானதும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். "அண்ணா, சி டிரைவ் சிவப்பாயிடுச்சுன்னு நானே எல்லாத்தையும் கிளீன் பண்ணேன். இப்ப ப்ராஜெக்ட் ஃபோல்டரை எங்கேயும் காணோம்" என்றாள். கேட்டதுமே என்ன செய்திருப்பாள் என்று புரிந்துவிட்டது. 2019-இல் நானும் அதையேதான் செய்தேன்.

டிரைவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இடம் இருந்தால் அதன் அளவைக் காட்டும் பட்டையை விண்டோஸ் சிவப்பாக்கிவிடும். பார்த்ததும் கை பரபரக்கும். ரீசைக்கிள் பின், டெம்ப் ஃபைல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை இங்கே விட்டுவிட்டு, அவசரத்தில் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எது இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமலே அழிப்பது

தெரிந்தவர் ஒருவர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பழைய வேர்டு ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்தார். ஒரு ஜி.பி. கூடத் தேறவில்லை. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினேன். ஐடியூன்ஸ் வழியாக எடுத்த பழைய ஐபோன் பேக்கப் மட்டும் 60 ஜி.பி.க்கு மேல், ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் கிடந்தது. அந்த போனை அவர் விற்றே இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐடியூன்ஸுக்குள் போய் அதை நீக்கினோம், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

"கிளவுடில் இருக்கிறதே" என்று கணினியில் அழிப்பது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றும் யாராவது இதைச் செய்துவிட்டு வந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை உங்கள் ஃபோல்டரைக் கிளவுடோடு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்தோடு, ஒத்திசைக்கின்றன. இங்கே ஒரு ஃபைலைச் சேர்த்தால் அங்கேயும் சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பலர் அதை இரண்டாவது பிரதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். புது லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களே பெரும்பாலும் ஒன்டிரைவுக்குள்தான் இருக்கின்றன, அது பலருக்குத் தெரிவதே இல்லை. அழிக்கும்போது "எல்லா இடத்திலிருந்தும் நீங்கும்" என்று ஓர் எச்சரிக்கை வரும். 'இனி காட்டாதே' என்று டிக் போட்டுவிட்டால் அதுவும் வராது.

நான் இழந்தது அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை. திருக்கடையூரில் எடுத்தவை, 800-க்கு மேல். கிளவுடில் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கணினியில் அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். இரண்டு மாதம் கழித்து ஃபிரேம் போட ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேட்டார்கள். கிளவுடில் தேடினால் எதுவும் இல்லை. அங்கே உள்ள குப்பைத் தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். தரவு மீட்கும் கடைக்கும் போனேன். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை மீட்க வழி உண்டு. புது வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் ஃபைலை அழித்ததுமே 'ட்ரிம்' என்ற கட்டளை போய்விடுகிறது, அப்புறம் அந்த இடத்தை டிஸ்க்கே துடைத்துவிடுகிறது. கடைசியில் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்றும் அதுதான் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

சரி, இடம் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்யுங்கள். டிலீட் இருக்கும் அதே மெனுவில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பச்சை டிக் நீல மேகமாக மாறும். ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'சைஸ்' பழையபடியே இருக்கும், 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று காட்டும். ஃபைல் கிளவுடில் இருக்கிறது, உங்கள் டிஸ்க்கில் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். திறக்க மட்டும் நெட் வேண்டும்.

ஆனால் அப்போதும் இருப்பது ஒரே பிரதிதான். திரும்பக் கிடைக்காத படங்களை முதலில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் போடுங்கள். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வேறொரு கணினியில் செருகி, நடுவிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். அதுவரை எதிலும் கைவைக்காதீர்கள்.

அந்தப் பெண் அழித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து அங்கிருந்த ரீசைக்கிள் பின்னிலிருந்து ஃபோல்டரை எடுத்துக் கொடுத்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிப்பது

விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் ஃபோல்டர் இது, கையால் அழிக்காதீர்கள். அது காட்டும் அளவு உண்மை அளவு இல்லை. ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் பெயர் பெற்றிருப்பதால் கணக்கு கூடித் தெரிகிறது. விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால், எடுக்க வேண்டியதை அதுவே எடுக்கும்.

டவுன்லோட்ஸ் டிக்

விண்டோஸ் செட்டிங்ஸில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' அழிக்கும் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் இருக்கும். அதற்கு டிக் போடாதீர்கள். மார்க் ஷீட்டும் வில்லங்கச் சான்றும் அங்கேதான் கிடக்கும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் வேண்டாம். இடம் கிடைக்காது.

டி டிரைவுக்கு மாற்றிவிட்டால் பத்திரம் என்பது

பெரும்பாலான வீட்டு லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க். அது பழுதானால் இரண்டும் போய்விடும்.

விண்டோஸ்.ஓல்டு

பெரிய அப்டேட் ஆன 10 நாளில் தானாகப் போய்விடும். அதற்குள் பிரிண்டரோ ஸ்பீக்கரோ மக்கர் செய்தால், பழைய பதிப்புக்குத் திரும்ப அந்த ஃபோல்டர் வேண்டும். அதுவரை விட்டுவையுங்கள்.