கணினி திறக்கவே பத்து நிமிடமா? இதைப் பாருங்கள்

தக்கலையில் சித்தி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "மக்கா, இதை ஆன் பண்ணிட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே கெடக்கு" என்றார். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும்போது, ஒவ்வொரு தடவையும் வாசலில் ஆட்கள் காத்து நிற்பார்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கணினியில் ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. விண்டோஸ் 10-இல் 'ஸ்டார்ட்அப்', 11-இல் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பகுதி இருக்கும். கணினி விழிக்கும்போதே தானாகக் கிளம்பும் நிரல்களின் பட்டியல் அதுதான். பாட்டுக் கேட்கும் செயலி, வீடியோ கால் செயலி, எப்போதோ விற்றுவிட்ட பழைய பிரிண்டரின் உதவி நிரல் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற நெடுவரிசையில் 'ஹை' என்று இருப்பவைதான் தொடக்கத்தை அதிகம் தாமதமாக்கும், அவற்றை முதலில் கவனியுங்கள். வேண்டாததன் மேல் வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்தால் போதும். நிரல் அழியாது, தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம்.

ஆன்டிவைரஸ், டச்பேட், ஒலி சார்ந்தவற்றைத் தொடாதீர்கள். என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு நிரலையும் விட்டுவிடுங்கள், மனு அடிக்க வருபவர்களுக்கு உடனே வேண்டும். பெயர் புரியவில்லையா, வலது கிளிக்கில் 'சர்ச் ஆன்லைன்' இருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். சித்தி அடுப்பில் சாயா வைப்பதற்குள் திரை தயாராகிவிட்டது.