சினை மாட்டைக் கொழுக்க வைக்காதீர்கள்

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் நிறைசினைக் கலப்பினப் பசு வாங்க வரும் புதியவர்கள் இடுப்பெலும்பு தெரியாமல் மொழுமொழுவென்று நிற்கும் மாட்டைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு ஓட்டிவந்து இன்னும் கொழுக்க வைக்கிறார்கள். எங்கள் பட்டியிலும் தொடக்கத்தில் இதுதான் நடந்தது. தண்ணீர், கொட்டகைச் சுத்தம் பற்றியெல்லாம் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். ஈரலில் கொழுப்பு படிவதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கறவை வற்றிய காலத்தில் சதை ஏற்றுவது

"இப்போ நல்லாப் போட்டாத்தானுங்க கன்னு போட்டதும் பால் கொட்டும்" என்று கடைசி இரண்டு மாதமும் பருத்திக்கொட்டை, மக்காச்சோள மாவு, புண்ணாக்கு என்று அள்ளி வைக்கிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கும் பேச்சு இது.

ஈனும் நாள் நெருங்க நெருங்க எந்த மாடும் தீனி குறைக்கும். கொழுத்த மாடு இன்னும் அதிகமாகக் குறைக்கும். ஈன்றதும் மடி பாலுக்கு இழுக்கிறது, வயிற்றில் தீனி இல்லை. உடனே உடம்புக் கொழுப்பு கரைந்து இரத்தம் வழியாக ஈரலுக்கு வந்து குவிகிறது. மாட்டின் ஈரலுக்கு அதைத் திரும்ப வெளியே அனுப்பும் வேகம் குறைவு. வந்தது அங்கேயே தங்கிவிடும். ஈரலில் படியும் கொழுப்பில் பெரும்பகுதி தொட்டியிலிருந்து வந்ததல்ல, மாட்டின் முதுகிலும் வயிற்றுக்குள்ளும் நாம் ஏற்றி வைத்ததுதான்.

தெரிந்த தம்பி ஒருவர் வீட்டில் ஈன்ற மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. அடர்தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு வைக்கோலை மட்டும் கொறித்தது. சங்கத்துக்குப் பால் ஊற்றத் தொடங்கியதும் ஃபேட் (பாலில் உள்ள கொழுப்பு) 5 சதவீதத்தைத் தாண்டியது. "எண்ணெய் குடுத்தது வேலை செய்யுதுங்கண்ணா" என்று சந்தோஷமாகப் போன் செய்தார். பாலின் அளவைக் கேட்டேன். நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. எஸ்என்எஃப்பும் (பாலில் கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) இறங்கியிருந்தது. ஏறிய ஃபேட் மாட்டின் உடம்பு உருகி வந்தது. மருத்துவர் வந்து சிறுநீரில் கீட்டோன் (உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரையும்போது உண்டாகும் பொருள்) இருப்பதைக் காட்டி, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். மாடு பிழைத்தது. ஆனால் வெகுநாள் பருவத்துக்கு வரவில்லை, அந்த ஈத்துப் பாலும் போயிற்று.

ஈன்று மூன்று வாரம் வரை ரசீதில் ஃபேட் ஏறிப் பாலும் எஸ்என்எஃப்பும் இறங்கினால் மகிழாதீர்கள். உடல்நிலையை 1 (எலும்பும் தோலும்) முதல் 5 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பிடும் கணக்கில், ஈனும்போது மாடு 3 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். விலாவை லேசாக அழுத்தினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வாலடிக் குழி மூடியிருந்தால் சதை அதிகம்.

கொழுத்ததைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பது

மேலே சொன்னதைக் கேட்டதும் சிலர் செய்வது இது. நிறைசினையில் தீனியைப் பிடித்தால் கொழுப்பு அப்போதே கரைந்து ஈரலுக்குப் போகும், ஈனும் முன்பே நோய் தொடங்கிவிடும். சதையைச் சரிசெய்ய வேண்டியது கறவையின் கடைசி மாதங்களில். வற்றிய பிறகு கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பச்சை எண்ணெய் ஊற்றுவது

தீவனத்தின் உலர்பொருளில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு ஆகாது, நார் செரிக்காது. 12 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்குத் தீனியிலேயே சுமார் 350 கிராம் கொழுப்பு கிடைத்துவிடும். அதன்மேல் அரை லிட்டர் எண்ணெய் ஊற்றினால் கணக்கு எல்லை தாண்டிவிடும். வாயைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது புரையேறி நுரையீரலுக்குப் போன மாடுகளையும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் விட, ஈன்ற மாட்டுக்கு அப்போது பற்றாக்குறை குளுக்கோஸில்தான். எண்ணெய் அதைத் தராது.

பைபாஸ் கொழுப்பை மருந்தாக நினைப்பது

பைபாஸ் கொழுப்பு என்பது பெருவயிற்றைப் பாதிக்காமல் தாண்டிப்போய்க் குடலில் செரிக்கும் கொழுப்பு. நன்றாகத் தின்று நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் தரலாம். தின்னாத மாட்டுக்கு வைத்தால் இருக்கும் தீனியும் குறையும். அந்த நிலையில் மருத்துவர் சொல்லும் அளவில் புரோப்பிலீன் கிளைகால் என்ற இனிப்பு நீர்மத்தைக் கொடுங்கள், ஈரல் அதைக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும்.

காறல் எடுத்த எண்ணெய், பூஞ்சை பிடித்த புண்ணாக்கு

வேண்டாம்.

லிவர் டானிக் ஊற்றிவிட்டு இரண்டு நாள் பார்ப்பது

பார்க்காதீர்கள். அடர்தீவனத்தைத் தொடாத முதல் நாளே சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.