ஒரு பாத்தியைப் பட்டினி போடுங்கள்

"தம்பி, போன வருசம் போட்ட அதே உரம், அதே வெண்டை விதை. இந்த வருசம் மட்டும் ஏன் இப்படி நோஞ்சானா நிக்குது?"

எதிர்வீட்டு அக்கா வேலியோரமாக நின்று கேட்ட கேள்வி. பினாங்கு நிபோங் தெபாலில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளின் பின்னால் இப்படி ஒரு துண்டு நிலம் உண்டு. வெண்டை, கத்தரி, ஒரு முருங்கை. அக்காவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொடுத்தேன். "இதுல என்ன எழுதறது? நான் என்ன கிராணியா?" என்றார்.

கிராணி நான்தான். செம்பனைத் தோட்டத்தில் 31 வருஷம் உர மூட்டைக் கணக்கு எழுதியவன். செம்பனை கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று இருக்கிறது: இன்றைக்குப் போட்ட உரம் குலையில் தெரிய ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். அதனால் மரம் பச்சையாக இருக்கிறதே என்று பார்த்து யாரும் உரம் போடுவதில்லை. 17ஆம் மட்டையிலிருந்து இலை வெட்டி ஆய்வுக்கு அனுப்புவோம், பழைய கணக்கோடு ஒப்பிடுவோம், அப்புறம்தான் மூட்டை இறங்கும். வீட்டுத் தோட்டத்தில் மட்டும் நாம் எல்லாரும் கண்ணை நம்புகிறோம். உரம் போட்ட பத்தாம் நாள் இலை கரும்பச்சையானால் "நல்ல உரம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உரத்தின் குணம் வருஷக் கணக்கில்தான் வெளியே வரும். இதைச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் ஆகச் சிறந்த சாட்சி ஒரு கோதுமை வயல். மலேசியாவில் கோதுமை விளையாது, சப்பாத்தி மாவுக்குரிய கோதுமை முழுக்கக் கப்பலில்தான் வருகிறது. ஆனாலும் அந்த வயலின் கதை நம் வெண்டைப் பாத்திக்கு அப்படியே பொருந்தும்.

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் பிராட்பால்க் என்று ஒரு வயல். ஜான் லாஸ், ஜோசப் கில்பர்ட் என்ற இரண்டு பேர் 1843இல் அதில் கோதுமை விதைத்து ஆய்வைத் தொடங்கினார்கள். வயலை நீள நீளப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு பட்டைக்குத் தொழு எரு, வருஷத்துக்கு எக்டருக்கு 35 டன். மற்ற பட்டைகளுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்று விதவிதமான கலவையில் ரசாயன உரம். ஒரு பட்டைக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. அந்த ஆய்வு இன்னும் நடக்கிறது. பட்டினி கிடக்கும் பட்டை இன்றைக்கும் எக்டருக்குச் சுமார் ஒரு டன் கோதுமை தந்துகொண்டுதான் இருக்கிறது. எருப் பட்டையும் முழு ரசாயன உரப் பட்டையும் நூறு வருஷத்துக்கு மேல் கிட்டத்தட்ட சரிசமமாக விளைந்தன. எரு கட்சிக்காரர்களும் மூட்டை கட்சிக்காரர்களும் இதைப் படித்துவிட்டுச் சண்டையைத் தொடரலாம். ஆனால் எருப் பட்டையின் மண்ணில் சேர்ந்திருக்கும் கரிமச்சத்து, பட்டினிப் பட்டையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பின்னாளில் குட்டை ரகக் கோதுமை வந்து, பயிர் சுழற்சியும் சேர்ந்தபோது, எருவோடு கொஞ்சம் தழைச்சத்து உரமும் பெற்ற பட்டை முன்வரிசைக்கு வந்தது.

சரி, நம் பாத்திக்கு வருவோம்.

நாலு அடி அகலம், பத்து அடி நீளத்தில் நாலு பாத்தி பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வெயில் நாலுக்கும் ஒரே மாதிரி விழ வேண்டும். முருங்கை நிழலில் ஒரு பாத்தி மாட்டிக்கொண்டால் கணக்கு கெட்டது. நாலிலும் ஒரே நாளில், ஒரே பொட்டலத்து வெண்டை விதை. வெண்டையை நான் சொல்வதற்குக் காரணம், 50 நாளில் காய்க்கு வந்துவிடும், எண்ணலாம், தராசில் வைக்கலாம்.

முதல் பாத்திக்கு ஒன்றும் போடாதீர்கள். மனசு கேட்காது. அக்கா ஒருநாள் அரிசி கழுவின தண்ணியை அதில் ஊற்றிவிட்டு, "பாவமா இருந்துச்சு தம்பி" என்றார். இரண்டாவதற்கு நன்றாக மக்கிய கோழி எரு நாலு கிலோ, விதைக்க இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். பச்சைக் கோழி எரு வேரை வேகவைத்துவிடும், நாற்றம் வந்தால் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவதற்கு அந்த மூன்று சத்தும் சம அளவில் கலந்த 15:15:15 பச்சைக் குருணை கால் கிலோ, மூன்று தவணையாக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. நாலாவதற்கு இரண்டிலும் பாதிப் பாதி. மழை கொட்டப் போகிற அன்றைக்குக் குருணை போட வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் தழைச்சத்து நேரே வாய்க்காலுக்குப் போய்விடும்.

இனி சுண்ணாம்பு. இதைத்தான் யாரும் செய்வதில்லை, இங்கேதான் அக்காவின் கேள்விக்குப் பதிலும் இருந்தது.

நம் ஊர் மேட்டு மண் பிறவியிலேயே புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் நிற்பது சாதாரணம். யூரியாவும் அம்மோனியம் உரங்களும் அதை இன்னும் புளிக்க வைக்கும். புளிப்பு ஏற ஏற மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு உரம் கொட்டினாலும் சாப்பிட வாய் இல்லை. இங்கிலாந்திலேயே வோபர்ன் என்ற இடத்தில், மணற்பாங்கான நிலத்தில், 1876இல் இன்னொரு கோதுமை ஆய்வு தொடங்கினார்கள். அம்மோனியம் உப்பு போட்ட இடங்கள் முதலில் நன்றாக விளைந்தன, இருபது வருஷத்தில் சுருண்டன. 1897இல் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு இட்ட பகுதி மீண்டது. பிராட்பால்க் தப்பித்ததற்குக் காரணம், ஆய்வு தொடங்கும் முன்பே அங்கிருந்த பழைய விவசாயிகள் அடியிலிருந்து சுண்ணக் கல்லைத் தோண்டி வயலில் கொட்டி வைத்திருந்ததுதான்.

அக்கா மூன்று வருஷமாக யூரியா மட்டும் போட்டிருந்தார். ஒரு பங்கு மண்ணில் இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்ததும் பரிசோதனைத் தாளை நனைத்தேன். தாள் நாலைக் காட்டியது. செடியைப் பிடுங்கிப் பார்த்தோம், வேர் குட்டையாகத் தடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ் மாதிரி இருந்தது.

ஆகவே நாலு பாத்திக்கும் குறுக்கே, சரிபாதியில், ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும் டொலமைட் தூள் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் பொடி), தோட்டத்தில் ஜி.எம்.எல். என்போமே அது, ஒரு பாத்தியின் பாதிக்கு 400 கிராம் வீதம். எருவோடும் கலக்காமல், உரத்தோடும் கலக்காமல், ஒரு மாதம் முன்பே. நாலு பாத்தி எட்டுத் துண்டாகிவிட்டது. ரோத்தம்ஸ்டெட் புல்வெளியில் 1903இல் இப்படித்தான் பெரும்பாலான துண்டுகளைப் பாதியாக்கி ஒரு பாதிக்குச் சுண்ணாம்பு இட்டார்கள்.

கலக்காதீர்கள் என்று சொல்வது பட்டுத் தெரிந்தது. முதல் வருஷம் அவசரத்தில் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பையும் அம்மோனியம் சல்பேட் உரத்தையும் ஒரே சாயங்காலம் போட்டுவிட்டேன். தண்ணீர் பட்டதும் கிளம்பிய அம்மோனியா நெடியில் மூக்கும் கண்ணும் எரிந்தன. காசு கொடுத்து வாங்கின தழைச்சத்து காற்றில் போனது, நாற்றின் இலை ஓரமெல்லாம் கருகியது. கிராணி வேலை பார்த்தவன் செய்கிற காரியமா என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள்.

நோட்டில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். தேதி, போட்டது என்ன, எத்தனை கிராம், ஒவ்வொரு துண்டிலும் பறித்த காயின் எடை. கனமழை, பூச்சி, ஆடு புகுந்தது எல்லாம் ஓரத்தில். பட்டினிப் பாத்திதான் தராசின் படிக்கல். எல்லாத் துண்டிலும் சேர்ந்து விளைச்சல் இறங்கினால் அது வானத்தின் குற்றம். பட்டினிப் பாத்தி அப்படியே இருக்க உரப் பாத்தி மட்டும் இறங்கினால் உரத்தைச் சந்தேகப்படுங்கள். என் பாத்தியில் முதல் போகத்தில் பச்சைக் குருணைதான் ஜெயித்தது. அதைப் பார்த்து நோட்டை மூடிவிடாதீர்கள். மூன்றாம் வருஷம் சுண்ணாம்பு இல்லாத பாதியில் அதே குருணை தடுமாறியது, பாதிப் பாதிப் பாத்தி முந்திக்கொண்டது.

நாலைந்து வருஷம் போனால் மணிச்சத்து மண்ணில் சேர்ந்துவிடும், கோழி எருப் பாத்தியில் இன்னும் வேகமாக. பிராட்பால்க்கிலேயே 2001 முதல் பல பட்டைகளுக்கு மணிச்சத்தை நிறுத்தி வைத்தார்கள், மண்ணில் அவ்வளவு சேமிப்பு. நீங்களும் ஓரிரு போகம் நிறுத்திப் பார்க்கலாம். எரு விஷயத்தில் சேமிப்பு இன்னும் நீளம்: அதே ரோத்தம்ஸ்டெட்டில் ஒரு பார்லி வயலில் 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்ட துண்டு, எருவே காணாத துண்டைவிட நூறு வருஷம் கழித்தும் கூடுதலாக விளைந்தது.

கடைசியாக, ஒவ்வொரு வருஷமும் விதைக்கு முன் எட்டுத் துண்டிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி மண்ணை நிழலில் உலர்த்திப் போத்தலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறை மேல்தட்டில் இப்போது 40 போத்தல். ஊறுகாய் போடப் போத்தல் தேடும்போதெல்லாம் மனைவி அந்தத் தட்டைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள்.